இடது மூலையில் பத்தொன்பது

என் கணவருக்கு உலகத்தின் இடது பக்கம் தெரிவதில்லை என்பதை அவருக்கு முன்னமே நான் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தும் அவரிடம் சொல்லாமல் விட்டேன். பிறகு வந்த பிழைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் தொடங்கின.

கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் கணவாய் கழுவிக்கொண்டு நின்றபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக அதே தொட்டியடியில் நின்ற மனுஷன். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை, பயிற்சி நிலையத்தில் இரண்டு மாதம். கால் திரும்பி வந்தது, கை வந்தது. வாய் எல்லாவற்றுக்கும் முதலே வந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணில் குறை இல்லை, சிஞ்ஞோரா. மூளைதான் இடது பக்கத்தை மறந்துபோகிறது. மறக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. இடது பக்கம் பார் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லச் சொல்லத்தான் பழகும்" என்றார்.

நான் சொல்லவில்லை. முகத்தின் ஒரு பக்கத்தைச் சவரம் செய்யாமல் குளியலறையிலிருந்து வருவார். "இஞ்சை வாங்கோ, சவுக்காரம் ஒட்டியிருக்கு" என்று நானே சவரக்கத்தியை வாங்கி மற்றப் பக்கத்தை வழித்துவிடுவேன். சோற்றில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழும்புவார். நான் ஏதாவது பேச்சுக் கொடுத்தபடி சோற்றுக்கோப்பையைத் திருப்பி வைப்பேன், மிச்சத்தையும் சாப்பிடுவார். மருந்து, மூக்குக்கண்ணாடி, போன் எல்லாம் மேசையின் வலது பக்கத்துக்குக் குடிபெயர்ந்தன. சீசா என்கிற பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கிற எங்கள் இரண்டு அறை வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாக நான் வலது பக்கம் தள்ளி வைத்தேன். அவர் எதிலும் இடிபடவில்லை.

"பாத்தியோ, எனக்கு எல்லாம் சுகமாயிட்டுது" என்றார்.

"ஓம், ஓம்" என்றேன்.

எனக்குக் கோபம் பொல்லாதது. பல்லரோ சந்தையில் பழுத்த தக்காளிக்கு அடியில் அழுகினதை ஒளித்துப் போடுகிறவர்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு ஆள் தன்னைப் பற்றிச் சந்தோஷமாக இருக்கும்போது அதைக் கெடுக்க எனக்கு மனம் வராது. அதுவும் இவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக் கன காலம்.

உணவக முதலாளி நல்ல மனுஷன். கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, இவரைக் கட்டிப்பிடித்து, "நீ ஓய்வெடு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை போய்விட்டது என்று இரண்டு பேருக்கும் விளங்கியது. மகன் மிலானில் சமையல் வேலை. ஞாயிறுகளில் போன் எடுப்பான். மற்ற நாட்களில் இவருக்குப் பேச்சுத்துணை இல்லை. பால்கனியில் இருந்து பஸ் எண்ணத் தொடங்கினார். நான் காலையில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டுக்குத் துப்புரவு வேலைக்குப் போய் மத்தியானம் திரும்பும்போது, எத்தனை பஸ் வந்தது, எது பிந்தியது, எதில் சனம் தொங்கியது என்று எனக்கு அறிக்கை வாசிப்பார். மூச்சு வாங்கப் படியேறி வந்தவளுக்கு அதைக் கேட்க எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அறிக்கையை ஒரு நாள் ரொறன்ரோவில் இருக்கிற தன் அண்ணன் மகளுக்கும் போனில் வாசித்தார். அவள் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தவள். நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து சின்னதாக ஒரு கம்பனி நடத்துகிறாள். பல்கலைக்கழகங்களில் பெண்கள் விளையாடும் ஐஸ் ஹொக்கிக் குழுக்களுக்கு, எந்த ஆட்டக்காரிக்கு எவ்வளவு பெறுமதி என்று கணக்கிட்டுச் சொல்வது அவர்களின் தொழில். அவள் சிரிக்காமல் கடைசிவரை கேட்டாள்.

"சித்தப்பா, உதுதான் என்ரை வேலையும். நீங்கள் பஸ் எண்ணுறியள், எனக்கு ஐஸிலை நடக்கிறதை எண்ண ஆள் வேணும். நீங்களும் சித்தியும் செய்து தருவியளோ?"

எங்கள் இரண்டு பேருக்கும் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் இருப்பது. இருந்தாலும் இவர் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அது போதும் என்று நான் ஓம் சொல்லிவிட்டேன்.

முதல் ஆட்டத்தை ஒக்டோபரில் பார்த்தோம். வெளியே சிரோக்கோ என்கிற வெக்கைக் காற்று வீசி யன்னலெல்லாம் புழுதி. உள்ளே மின்விசிறிக்குக் கீழே வியர்த்தபடி இருந்து, தலைக்கவசம் போட்ட பெண்கள் பனியில் வழுக்கிவந்து ஒருத்தியை ஒருத்தி சுவரோடு அமத்துவதைப் பார்த்தோம்.

"உதென்ன, விளையாட்டோ அடிபாடோ?" என்றேன்.

"பேசாமல் இரு. அந்தக் கறுத்த வில்லை எங்கை? கண்டனியோ?"

"இல்லை. நீங்கள்?"

"இல்லை."

அந்த வில்லைக்குப் பெயர் பக். அதைக் கண்ணால் பிடிக்கவே எங்களுக்கு ஒரு கிழமை சென்றது. அது தொலைந்தால் ஆட்டக்காரிகளின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கப் பழகினோம். பிறகு பெறாமகள், அதுதான் அந்த அண்ணன் மகள், ஒவ்வொரு நாளும் போனில் வந்து படிப்பித்தாள். எனக்கு விளங்கும்வரை விடமாட்டாள், நல்ல பொறுமை.

"கோல் அடிச்சது ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும், சித்தி. கோல் அதிர்ஷ்டத்தாலையும் வரும். நான் பாக்கிறது வேறை. ஒருத்தி ஐஸிலை நிக்கிற நேரம் எங்கடை கோலுக்கு எத்தினை அடி வருது, மற்றப் பக்கத்துக்கு எத்தினை போகுது? எந்த இடத்திலை இருந்து போற அடி கோலாகச் சந்தர்ப்பம் கூட? எங்கடை மூலைக்குள்ளை மாட்டின பக்கை ஆர் வெளியிலை கொண்டு வாறா? எல்லாத்தையும் ஆட்டம் ஆட்டமாச் சேர்த்துப் பாத்தால்தான் ஆளின்ரை உண்மையான பெறுமதி தெரியும்."

எனக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. இவ்வளவு வருடமாக மற்றவர்களின் வீடு துடைக்கிறவளுக்குப் பிடிக்காமல் போகுமா? பாஸ்தாவை மேசையில் கொண்டுவந்து வைக்கிறவரைத்தான் விருந்தாளிகள் புகழ்வார்கள். அடுப்புக்குப் பின்னால் கைவிட்டுத் துடைத்தவளை ஒருவரும் எண்ணுவதில்லை, துடைக்காமல் விட்டால் மட்டும் எண்ணுவார்கள். எண்ணப்படாதவளை எண்ணுகிற வேலை என்றால் சம்பளம் இல்லாமலே செய்யலாம் என்று நினைத்தேன். நல்ல காலம், அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வேலை இதுதான். படத்தை ஓடவிட்டு, பக் யாரிடம் வருகிறது, எந்த இடத்தில், அதை வைத்து அவள் என்ன செய்கிறாள் என்று ஒவ்வொரு தொடுகையையும் கணினியில் குறிக்க வேண்டும். ஒரே ஆட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும், ஒருவர் மற்றவருடையதைப் பார்க்கக் கூடாது. இரண்டையும் அங்கே ஒப்பிடுவார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரிப் போட்டிருந்தால் நடந்தது அதுதான் என்று நம்புவார்கள், வித்தியாசமாக இருந்தால் படத்தை மறுபடி பார்ப்பார்கள். அதனால் சமையலறை மேசையில் இரண்டு லப்டொப்பையும் முதுகோடு முதுகாக வைத்தோம். இவர் முதலில் ஒரு கொப்பியில் பென்சிலால் எழுதுவார், அதைப் பார்த்துக் கணினியில் போடுவார், போட்டு முடிந்த கையோடு அனுப்பிவிடுவார். அனுப்பிய பிறகு அதில் யாரும் கை வைக்க முடியாது. பிறகு உடுப்பு மாற்றிக்கொண்டு பாண் வாங்கக் கீழே இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து முற்றத்தில் நிற்கும்போது, "நான் இப்ப கனடாவுக்கு வேலை செய்யிறன்" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்வார். கணவாய் கழுவிய காலத்தில் வேலையைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை.

முதல் நாலைந்து ஆட்டத்தின் ஒப்பீடு வந்தது. ஒரு வரி கூட அவள் கடிந்து எழுதவில்லை. "சித்தப்பா, சித்தி, ஒராள் போடுற கன விசயத்தை மற்ற ஆள் போடேல்லை. ஆர் எண்டு பாத்துச் சொல்லுறன்" என்று எழுதியிருந்தாள்.

இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை, எனக்காக இரங்குகிற பார்வை. "நீ இல்லாததையெல்லாம் போடுறாய் போலை. அவசரப்படாதை. நான் அவளிட்டைக் கதைக்கிறன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பாண் வாங்கப் போன நேரம் கொப்பியை எடுத்து என் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். அவர் விட்டவை எல்லாம் திரையின் இடது பக்கத்தில் நடந்தவை. வலது பக்கத்தில் ஒன்றையும் விடவில்லை, அவ்வளவு கவனம். அவள் மறுபடி படத்தைப் பார்க்கப் போகிறாள், பார்த்தால் யார் விட்டது என்று தெரிந்துவிடும். சொந்த அண்ணன் மகள் அவருக்குச் சொல்லப் போகிறாள். அதைத் தடுக்க, நான்தான் அவசரத்தில் இல்லாததைப் போட்டுவிட்டேன், பார்க்க வேண்டாம் என்று அன்றைக்கே அவளுக்கு எழுதினேன்.

அன்றிலிருந்து அந்த வேலையைத் தொடங்கினேன். அவர் அனுப்பிவிட்டுக் கீழே இறங்குவார். நான் கொப்பியை விரித்து வைத்து, அவர் காணாததை என் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிப்பேன். அவருடையதில் கூட்ட முடியாது, என்னுடையதில் கழிக்கத்தான் முடியும். சோற்றுக்கோப்பையைத் திருப்பி வைத்த கைக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அடுத்த ஒப்பீட்டில் இரண்டு பேரும் அச்சொட்டாக ஒத்துப்போனோம். "நீங்கள்தான் எங்கடை திறமான சோடி" என்று பெறாமகள் எழுதினாள். இவர் அந்தச் செய்தியை மகனுக்கும் அனுப்பினார்.

இனிப் பத்தொன்பதாம் இலக்கக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தவை ஒரே குழுவின் சொந்த ஐஸ் தளத்து ஆட்டங்கள். அந்தத் தளத்தில் கூரையோரம் அசையாத ஒற்றைக் கமரா. ஐஸ் ஹொக்கியில் ஆட்டம் மூன்று பகுதி. முதலாம், மூன்றாம் பகுதிகளில் எங்கள் குழுவின் கோல் திரையின் இடது பக்கம், நடுப் பகுதியில் மட்டும் வலது பக்கம். பத்தொன்பது காவல் காக்கிறவள், எதிராளிகளைக் கோலுக்குக் கிட்ட வரவிடாமல் தடுக்கிற ஆட்டக்காரி. பக் மூலைக்குள் போய் மாட்டினால், இரண்டு பேர் முதுகில் ஏறி அமத்த அமத்தக் குனிந்து அதைக் கிண்டி எடுத்து, ஆளைப் பார்த்துத் தள்ளிவிடுவாள். தள்ளிவிட்டு எழும்பிக் கோலுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். ஒருவரும் கை தட்டமாட்டார்கள். இவருக்குப் பிடித்தது பதினொன்று, வலது பக்கம் பறந்துபோய்க் கோல் அடிக்கிறவள்.

"உன்ரை பத்தொன்பது நித்திரை போலை. ஆளைக் காணவே கிடைக்கேல்லை" என்று கேலி பண்ணுவார்.

"உங்கடை பதினொண்டுக்குப் பக் என்ன வானத்திலை இருந்தே வருது?" என்பேன் நான்.

அப்படிச் சண்டை பிடித்துவிட்டு, அவர் இறங்கிப் போனதும் அவளுடைய வேலையை என் கையாலேயே அழிப்பேன். மூன்று பகுதியில் இரண்டு பகுதி அவள் நின்றது இடது மூலையில். ஐப்பசி போய் மாசி வரைக்கும் அழித்தேன். எனக்கு அவளில் விருப்பம் இருந்ததால் அது ஒரு செல்லமான களவு மாதிரித்தான் இருந்தது, உண்மையைச் சொன்னால். அங்கே இருக்கிற ஒரு பிள்ளையின் சீவியத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று என் மண்டைக்கு ஏறவில்லை.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது பெறாமகள் போன் எடுத்தாள். இவர் மாடியில் உடுப்புக் காயப்போடப் போயிருந்தார்.

"சித்தி, உங்களுக்குப் பத்தொன்பதிலை நல்ல விருப்பமெல்லோ? ஒரு கவலையான விசயம். வாற வருசத்துக்குக் காவல் காக்க ஆரை வைச்சிருக்கிறது எண்டு குழு எங்களிட்டைக் கேட்டிருக்கு. அறிக்கை வெள்ளிக்கிழமை போக வேணும். எங்கடை கணக்கிலை அவள்தான் கடைசி. இடம் போனால் படிப்புக்குக் கிடைக்கிற உதவியும் போகும், பிள்ளை வீட்டை போக வேண்டியதுதான்."

நான் மற்றச் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தேன்.

"ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை, சித்தி. நடுப் பகுதியிலை அவள் வேறை ஆள் மாதிரி விளையாடுறாள். அவள் மட்டுமில்லை, காவல் காக்கிற எல்லாரும் நடுப் பகுதியிலைதான் முழிக்கினம். ஆராவது பிழையாக் குறிச்சிருப்பினமோ எண்டு யோசிச்சனான். ஆனால் நீங்கள் ரெண்டு பேரும் தனித்தனியாப் போட்டு ஒரே மாதிரி வந்திருக்கு. அப்ப அது உண்மையாத்தானே இருக்க வேணும்?"

"சாப்பாடு அடுப்பிலை, பிள்ளை" என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் சிஞ்ஞோரா வீட்டில் ஒரே குளியலறையை இரண்டு தடவை கழுவினேன். எல்லாரிலும் கோபம் வந்தது. டொக்டரில் வந்தது, இந்த மனுஷனில் வந்தது, கூரையில் கமராவை ஆணியடித்து விட்டவனில் வந்தது. கடைசியில் என்னில் வந்து நின்றது. இத்தனை காலமும் ஆருக்கும் தெரியாமல் ஒரு வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறவள், ஆருக்கும் தெரியாமல் வேலை செய்த ஒரு பிள்ளையைத் துடைத்து எறிந்திருக்கிறேன். இவருக்குத் தெரியாமல் என் கணக்கை மட்டும் புதிதாகப் போட்டு, மாற்றி வைக்கச் சொல்லி அவளுக்கு அனுப்பலாமா என்றும் யோசித்தேன். அனுப்பினால் இரண்டும் ஒத்துப்போகாது, யார் காணவில்லை என்று அவளே கண்டுபிடிப்பாள். அவள் வாயால் அவர் கேட்கக் கூடாது. என் வாயால் கேட்கட்டும்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் அவருடைய லப்டொப்பில் போன கிழமை ஆட்டத்தைப் போட்டேன். அந்தச் செயலியில் படத்தை இடம் வலமாக மாற்றுகிற ஒரு பொத்தான் உண்டு. அதை அமத்திவிட்டு, "இதை ஒருக்கால் பாருங்கோ" என்றேன்.

இடது மூலை இப்போது வலது மூலையில் இருந்தது. முதுகில் இலக்கங்கள் கண்ணாடியில் தெரிகிற மாதிரிப் பிரண்டு தெரிந்தன. பத்தொன்பது குனிந்தாள், கிண்டினாள், எடுத்தாள், தள்ளினாள். மறுபடி குனிந்தாள். இவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"ஆரிவள்? நல்லா விளையாடுறாள். இது எந்த ஆட்டம்? நான் பாக்கேல்லையே."

"நீங்கள் போன கிழமை குறிச்சு அனுப்பின ஆட்டம்."

"விசர்க்கதை கதையாதை."

பொத்தானைத் திரும்ப அமத்தினேன். படம் பழையபடி மாறியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பக் இடது மூலைக்குள் போனதும் அவருடைய கண் திரையின் நடுவில் நின்று, பக் திரும்பி வருமட்டும் காத்துக்கொண்டு நின்றது. நான் அவருடைய தாடையைப் பிடித்து மெதுவாக இடது பக்கம் திருப்பினேன்.

கொப்பியையும் கொண்டுவந்து வைத்தேன். என்ன செய்தேன், எத்தனை மாதமாகச் செய்தேன், ஏன் செய்தேன், பத்தொன்பதுக்கு என்ன நடக்கப் போகிறது, எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் சொன்னதையும் சொன்னேன். சொல்லும்போது அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன்.

அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சோறும் அப்பிடித்தானோ?" என்றார்.

"ஓம்."

"சவரமும்?"

"ஓம்."

எழும்பிப் பால்கனிக்குப் போனார். கதவு நிலையில் இடது தோள் இடித்தது. அவர் வீடு வந்த நாளிலிருந்து முதல் தரம் நான் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. திரும்பி வந்தபோது அவருடைய முகம் சிவந்திருந்தது.

"நீ எனக்கு நோகக் கூடாது எண்டு நினைச்சாய். அது எனக்கு விளங்குது. ஆனால் இடது பக்கத்திலை ஒரு பிள்ளை நிண்டு அடி வாங்கிக்கொண்டு இருந்திருக்கு. நான் அவளை நித்திரை எண்டு சொன்னனான். நீ என்னை அப்பிடிச் சொல்ல விட்டிட்டாய்."

 

அவரே போனை எடுத்தார். ரொறன்ரோவில் அப்போது காலை. "பிள்ளை, வெள்ளிக்கிழமை அறிக்கையை நிப்பாட்டு. பத்தொன்பதின்ரை கணக்குப் பிழை. குறை என்ரை, களவு உன்ரை சித்தியின்ரை" என்றார். அவள் முதலில் சிரித்தாள், பிறகு அவர் சிரிக்கவில்லை என்று விளங்கிச் சிரிப்பை நிறுத்தினாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "சித்தி, நீங்கள் ரெண்டு பேரும் ஒத்துப்போனதாலைதான் நான் நம்பினனான்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கூட வேலை செய்கிற நண்பர்களிடம் மறைக்காமல் சொன்னாள். குழுவிடம் ஒரு கிழமை தவணை வாங்கினாள். அந்த ஆட்டங்களையெல்லாம் முதலிலிருந்து நாங்களே குறிக்க வேண்டும், ஒத்துப்போகாத ஒவ்வொன்றையும் அவளே உட்கார்ந்து பார்ப்பாள் என்று முடிவானது.

அந்தக் கிழமை சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டு வீட்டில் நின்றேன். நான் சமையலறையில், அவர் அறைக்குள், நடுவில் கதவு சாத்தியிருந்தது. படத்தை இடம் வலமாக மாற்றி வைத்துக் குறிக்கலாமே என்றேன். மாட்டேன் என்றார். பயிற்சி நிலையத்தில் செய்வித்த மாதிரித் திரையின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டினார். அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், பட்டால்தான் முழுவதும் பார்த்ததாகக் கணக்கு. கதவுக்கு அப்பால் "இடது... இடது..." என்று தனக்குத் தானே சொல்வது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை அவர் தன் வாயாலேயே சொன்னார். ஒரு ஆட்டத்துக்கு முன்பு எடுத்த நேரத்தைப் போல மூன்று மடங்கு எடுத்தார். கழுத்து நோகுது என்று தைலம் பூசச் சொன்னார். பூசிவிட்டேன்.

பத்தொன்பதுக்கு இடம் கிடைத்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். புதுக் கணக்கில் காவல் காக்கிறவர்களுக்குள் அவள் மேலே வந்தாள், குழு அவளை வைத்துக்கொண்டது. அவளுக்கு எங்களைத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கம்பனியும் எங்களை நிற்பாட்டவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் இனி ஒரே ஆட்டத்தைக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள், நியாயம்தான்.

ஆனால் அதற்கு முதல், அறிக்கை போகிறதுக்கு முந்தின நாள், நாங்கள் ஒத்துப்போகாத இடங்களின் பட்டியலைப் பெறாமகள் அனுப்பியிருந்தாள். நீளமான பட்டியல். தான் பார்க்கிறதோடு, எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லியிருந்தாள். பார்த்துக்கொண்டு வந்தோம். கனக்க அவர் விட்டவைதான், நாடா ஒட்டியும் விட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் "இது என்ரை பிழை" என்று சத்தமாகச் சொல்லிக் கோடு போட்டார். இந்த முறை நான் பேச்சை மாற்றவில்லை.

பட்டியலின் பாதியில் மாறி ஒன்று இருந்தது. மூன்றாம் பகுதி, இடது மூலை, பத்தொன்பது. அவர் குறித்திருந்தார். என்னுடையதில் இல்லை.

எனக்கு உடனே பரிதாபம் வந்துவிட்டது. பாவம், காணாததை ஈடுகட்டப் போய் இல்லாததைப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். "பரவாயில்லை, விடுங்கோ. அதிலை அவள் பக்கைத் தொடேல்லை" என்றேன்.

அவர் படத்தை ஓடவிட்டார். மூலையில் மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவர் குவிந்து கிடந்தார்கள். பக் வெளியே வந்தது. நான் சொன்னதுதானே என்று அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சிவப்பு நாடாவரை திருப்பி, மறுபடி, இன்னும் மெதுவாக ஓடவிட்டு விரலை வைத்துக் காட்டினார். அந்தக் குவியலுக்கு அடியில், விழுந்து கிடந்தபடி, பத்தொன்பது தன் மட்டையின் நுனியால் பக்கை ஒரு தட்டுத் தட்டியிருந்தாள். அதனால்தான் அது வெளியே வந்தது.

மூன்றாம் தரமும் ஓடவிட்டார்.

"இப்ப கண்டனியோ?" என்றார்.

"ஓம்" என்றேன். "நான் காணேல்லை. நீங்கள்தான் கண்டியள்."

அவர் என்னுடைய பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார்.